கணிப்பொறியில் பெயர்ச் சண்டை

ஒரு வகுப்பில் இரண்டு மேரிகள் இருந்தால் ஆசிரியைக்குக் குழப்பம் இல்லை. வருகைப் பதிவேட்டில் 'அ. மேரி', 'சூ. மேரி' என்று தலைப்பெழுத்தைச் சேர்த்து எழுதிக்கொள்வார்கள். அதுவும் போதாவிட்டால் 'கடைசி பெஞ்சு மேரி' என்று ஒரு பெயர் தானாகவே வந்துவிடும்! ஆனால் தோழியரே, கணிப்பொறிக்கு முகம் பார்த்து ஆளை அறியும் திறமை கிடையாது. நாம் புரோகிராமில் எழுதும் பெயர் ஒன்றுதான் அதற்கு அடையாளம்.

நாம் எழுதும் புரோகிராமைக் கணிப்பொறிக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். ஒவ்வொரு மொழியும் சில சொற்களைத் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. 1989-இல் அமெரிக்காவில் தரம் வகுக்கப்பட்ட சி மொழியில் அத்தகைய சொற்கள் 32. அவற்றை நாம் வேறு எதற்கும் பெயராக வைக்க முடியாது. பைதான் மொழியில் 'கிளாஸ்' என்பது ஒதுக்கப்பட்ட சொல். மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் மாணவி வகுப்பைக் குறிக்க 'கிளாஸ்' என்று பெயர் வைத்தால், பைதான் அந்த வரியிலேயே பிழை என்று நிறுத்திவிடும். ஆகவே சொல்லின் கடைசியில் ஓர் அடிக்கோடு சேர்த்து எழுதுவது வழக்கம். வேறு சிலர் ஆங்கிலத்தில் முதலெழுத்தை 'கே' ஆக்கிவிடுகிறார்கள். எழுத்துப் பிழை போலத் தோன்றினாலும் அது வேண்டுமென்றே செய்வதுதான்.

இப்படி உரக்கச் சொல்லிவிடும் சண்டையை நல்ல சண்டை என்றே நாங்கள் கருதுகிறோம். ஓசைப்படாத சண்டைதான் ஆபத்தானது. பைதானில் எண்களைக் கூட்டித் தர 'சம்' என்று ஒன்று உண்டு. ஆனால் அது ஒதுக்கப்பட்ட சொல் அன்று. எனவே மொத்த மதிப்பெண்ணுக்கு 'சம்' என்று பெயர் வைத்தால் பைதான் வாய் திறப்பதில்லை. இருபது வரி தள்ளி உண்மையான 'சம்' தேவைப்படும்போது, அங்கே ஓர் எண்தான் உட்கார்ந்திருக்கும்! தவறு ஓரிடம், புகார் வேறிடம். 'டோட்டல்' என்று பெயரை மாற்றினால் தீர்ந்தது.

பழைய சி மொழியில் இன்னொரு வேடிக்கை. பல கோப்புகளுக்குப் பொதுவான பெயர்களில் முதல் 6 எழுத்துகளை மட்டும் பார்த்தால் போதும் என்று 1989-ஆம் ஆண்டுத் தரம் கம்பைலருக்குச் சலுகை அளித்திருந்தது. 'ஸ்டூடன்ட்நேம்', 'ஸ்டூடன்ட்மார்க்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதல் ஆறு எழுத்தும் ஒன்றே! 1999-இல் இந்த எல்லை 31 எழுத்தாக உயர்ந்தது. நீண்ட பெயர் வைக்க முடிந்ததால் தலைப்பெழுத்து வைக்கவும் வசதியாயிற்று. எஸ்கியூலைட் என்னும் தகவல் தொகுப்பில் வெளியார் அழைக்கும் செயல்களின் பெயர்கள் 'எஸ்கியூலைட்3' என்றே தொடங்குகின்றன. மேரிக்குத் தலைப்பெழுத்து வைத்த அதே முறைதான்.

ஆனால் மொழியே புதுச் சொல்லைக் கொண்டு வந்தால் யார் விலகுவது? உண்மை, பொய் என்னும் இரண்டை மட்டும் குறிக்கும் 'பூல்' என்ற வகையை 1999-இல் சி மொழியில் சேர்த்தார்கள். அதற்கு முன்பே பலர் தம் புரோகிராம்களில் அதே பெயரைத் தாமாகவே உண்டாக்கிப் பயன்படுத்தி வந்தனர். ஆகவே மொழியே விலகிக்கொண்டது. முன்னால் ஓர் அடிக்கோடும் அதையடுத்துப் பெரிய 'பி' எழுத்துமாகப் புதுச் சொல்லை அமைத்தார்கள். அவ்விதம் தொடங்கும் பெயர்கள் முன்னமே மொழிக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. வெறும் 'பூல்' ஒதுக்கப்பட்ட சொல்லானது 2024-இல் வெளியான தரத்தில்தான். இருபத்தைந்து ஆண்டுப் பொறுமை!

பைதான் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. 2015-இல் அறிமுகமான 'ஏசிங்க்' என்ற சொல்லை 2018-இல், 3.7 பதிப்பில், முழுமையாக ஒதுக்கிக்கொண்டது. செலரி என்னும் புகழ்பெற்ற தொகுப்பில் ஒரு கோப்பின் பெயரே 'ஏசிங்க்'. அதனை 'ஏசிங்க்ரனஸ்' என்று மாற்றிய பதிப்பு 2019-இல்தான் வந்தது. மூன்றாண்டு அவகாசம் இருந்தது உண்மையே. எனினும் சி மொழியின் வழியே எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பழைய புரோகிராமை எழுதியவர் இன்று அதைத் திருத்தித் தர இருப்பாரா என்பது யாருக்குத் தெரியும்?

பெயரை மாற்றுவதிலும் கவனம் வேண்டும். சி மொழியில் 'நியூ' சாதாரணப் பெயர். சி பிளஸ் பிளஸ் மொழியிலோ ஒதுக்கப்பட்ட சொல். அதனைத் தேடி 'ஃபிரெஷ்' என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், 'நியூலைன்' என்பது 'ஃபிரெஷ்லைன்' ஆகும். 'ரினியூ' என்பது 'ரிஃபிரெஷ்' ஆகிவிடும். அதுவும் உண்மையான சொல்லாகையால் பார்ப்பவர் ஐயுறவும் மாட்டார்! மேற்கோள் குறிக்குள் இருக்கும் 'நியூ ஸ்டூடன்ட்' என்ற தலைப்பும் மாறி அச்சாகும். இக்காலத்து மென்பொருள்கள் எது பெயர், எது வெறும் எழுத்து என்று பிரித்தறிந்து மாற்றித் தருகின்றன. ஆனால் நம் பெயரை வேறு ஊரிலிருந்து அழைக்கும் பிறருடைய புரோகிராம்களை அவை அறியா. அவர்களுக்காகப் பழைய பெயரையும் சில காலம் விட்டுவைத்து, அழைப்பவரைப் புதிய பெயருக்கு அனுப்புவார்கள். பழைய பெயர் ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டால் இந்த வசதியும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.