கடல்நீர் மீன் தொட்டி: யாரோடு யாரை விடுவது?



கப்பி, மோலி, தங்கமீன் வளர்ப்பு நம்மில் பலருக்குப் பழகிய தொழில்தான். இப்போது கடலோரக் குழுக்களில் இருந்து வேறொரு கேள்வி வருகிறது. "கடல்தண்ணி தொட்டிக்கு நல்ல விலை கிடைக்குமாமே, எந்த மீனை எதோட விடலாம்?" என்று பிரதிநிதிகள் கூட்டத்தில் கேட்டார்கள். கேட்டது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் இந்த விஷயத்தில் நம் உறுப்பினர்கள் ஏற்கெனவே ஒரு முறை பணத்தை இழந்திருக்கிறார்கள்.

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரு குழுவில் 5 பேர் சேர்ந்து உள்கடன் எடுத்து, ஒருவர் வீட்டுத் திண்ணையில் நாலடித் தொட்டி அமைத்தார்கள். மீன் ஒரு மாதம் சாகாமல் இருந்தால் தொட்டியோடு வாங்கிக்கொள்வதாக ஒரு விடுதிக்காரர் சொல்லியிருந்தார். தண்ணீரில் குறை வைக்கவில்லை. 6 வாரம் பொறுத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆன பிறகே மீன் விட்டார்கள். விட்டது 14. இருபதாம் நாள் நாம் போய்ப் பார்த்தபோது மிச்சம் 5.

"நோயும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. ராத்திரி இருக்கு, காலையில காணோம்" என்றார் அந்த வீட்டு உறுப்பினர். காணாமல் போனவை 4 உளுவையும் 2 கார்டினல் மீனும். கல்லுக்கு அடியில் ஒரு களவாக் குஞ்சு கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. புள்ளி அழகாக இருக்கிறதே என்று 3 அங்குலத்தில் வாங்கிப் போட்டது. களவாவில் ஒரு மீட்டர் வரை வளரும் இனங்கள் உண்டு. குஞ்சாக இருந்தாலும் வாய் பெரிசு. தன் வாய்க்குள் அடங்குவது எதுவும் அதற்கு இரைதான். சிங்க மீனும் அப்படியே. அதன் முள்ளில் விஷமும் உண்டு, கையை விடக்கூடாது. ஆகவே வாங்கும் முன் இரண்டு பாருங்கள்: வளர்ந்தால் எவ்வளவு பெரிசாகும், தொட்டியில் ஏற்கெனவே இருக்கிற சின்ன மீன் அதன் வாயில் நுழையுமா.

அடுத்து கோமாளி மீன். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். சாதுவாகத் தெரிகிறது என்று 4 விட்டிருந்தார்கள். கோமாளி மீன் பிறக்கும்போது எல்லாம் ஆண். கூட்டத்தில் பெரிசு பெண்ணாக மாறிவிடும், அதற்கு அடுத்தது அதன் ஜோடி ஆகும். ஜோடி சேர்ந்ததும் மற்றதை அண்ட விடாது. கடலில் என்றால் விரட்டப்பட்டது வேறு இடம் தேடிப் போகும். நாலடிக் கண்ணாடிக்குள் எங்கே போகும்? இரண்டு கடிபட்டே செத்தன. ஒரு தொட்டிக்கு ஒரு ஜோடி போதும். பெரிசு ஒன்று, சிறிசு ஒன்று எடுத்தால் சீக்கிரம் ஜோடி சேரும். இரண்டு வகைக் கோமாளி மீனைச் சேர்த்து விடவே கூடாது. கடல் சாமந்தி இல்லாவிட்டாலும் இது வாழும். மண்பானைத் துண்டோ ஓடோ வைத்தால் அதையே வீடாக்கி முட்டையும் இடும்.

டாம்செல் மீன் விலை குறைவு, எளிதில் சாகாது. அதனால் கடைக்காரர் முதலில் இதைத்தான் தள்ளிவிடுவார். இது முதலில் வந்து ஒரு மூலையைப் பிடித்தால் பிறகு வருகிறவர்களுக்கு நிம்மதி இல்லை. (நம் கூட்டத்திலும் தூணோரம் பிடித்தவர் எழுந்திருப்பதில்லை, ஆனால் அவர் கடிப்பதில்லை!) அந்தக் குழு 3 விட்டது. அவை தமக்குள்ளேயே சண்டை போட்டு ஒன்று செத்தது. சாதுவான மீனை முதலில் விட வேண்டும், முரட்டு மீனைக் கடைசியில். புது மீன் விடும் அன்று கற்களைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்தால் பழையவர்களுக்கு எல்லை மறந்துபோகும், சண்டை குறையும்.

கிளாத்தி இறாலையும் நண்டையும் கடித்துத் தின்னும். வண்ணத்துப்பூச்சி மீனில் பல வகைக்குப் பவளமும் கடல் சாமந்தியும்தான் சாப்பாடு. பெட்டி மீன் பயந்தால் விஷம் கக்கும், மொத்தத் தொட்டியும் போய்விடும். இவை எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். நோய்க்குச் செம்பு கலந்த மருந்து தருவார்கள். இறாலும் சாமந்தியும் இருக்கிற தொட்டியில் அதை ஊற்றினால் அவை செத்துப்போகும். புது மீனை 3 வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அலங்காரத்துக்கு என்று மன்னார் வளைகுடாவில் இருந்து பவளப்பாறை எடுக்காதீர்கள். உயிருள்ளதும் கூடாது, செத்ததும் கூடாது. பவளமும் கடல் குதிரையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. பிடிபட்டால் வழக்கு, சிறை. "எங்க ஊர்க் கடல்தானே" என்பது அங்கே செல்லாது. கோமாளி மீனும் கடலில் பிடித்தது வேண்டாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இதைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சு தீனிக்கும் பழகியிருக்கும். முதலில் அங்கே விசாரியுங்கள்.

அந்த 5 பேரும் தொழிலை விடவில்லை. களவாவைக் கொடுத்துவிட்டார்கள், டாம்செல் தனித் தொட்டிக்குப் போய்விட்டது. மிஞ்சிய கோமாளி ஜோடியையும் எடுத்து வேறு தொட்டியில் வைத்தார்கள். பெரிய தொட்டியில் முதலில் 2 உளுவை, 10 நாள் கழித்து 3 கார்டினல், கடைசியில் அந்த ஜோடி. மொத்தம் 7. "இவ்ளோ பெரிய தொட்டிக்கு 7 மீனுதானா?" என்று விடுதிக்காரர் முகம் சுளித்தார். ஒரு மாதம் கழித்து வந்து எண்ணிப் பார்த்தார், 7-ம் இருந்தது. தொட்டியை எடுத்துக்கொண்டார். உள்கடனில் இன்னும் 2 தவணை பாக்கி.