குட்டைத் தண்ணீர் இறைக்க எந்த மோட்டார்?



குழுவாகச் சேர்ந்து காய்கறி போடும் ஊர்களில், பண்ணைக்குட்டைக்கு மோட்டார் வாங்கும் பேச்சு அடிக்கடி வருகிறது. கடைக்குப் போனதும், "எத்தனை எச்.பி. வாங்கலாம்ணே?" என்று கேட்கிறோம். "3 எச்.பி. போடுங்கம்மா, நல்லா இழுக்கும்" என்று பதில் வரும். எச்.பி. கடைசியில் வருவது. தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறணும், எவ்வளவு வேணும் என்பதை ஊரிலேயே அளந்துகொண்டு போகணும்.

அந்த உயரத்தைத்தான் 'ஹெட்' என்கிறார்கள். கோடையில் தண்ணீர் இறங்கி நிற்கும் மட்டத்திலிருந்து, தோட்டத்தில் தண்ணீர் விழும் இடம் வரை செங்குத்தாக அளக்கணும். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கினால் நாமே அளக்கலாம். குட்டை நிறைந்திருக்கும்போது அளந்து வாங்கினால் பங்குனியில் தண்ணீர் ஏறாது. குழாய் நீளத்துக்கும் வளைவுகளுக்கும் கொஞ்சம் கூட்டுங்கள். சொட்டுநீர் என்றால் இன்னும் 10 மீட்டர்.

ஒரு கணக்கு போடுவோம். 10 சென்ட் தோட்டத்துக்கு 3 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட சுமார் 12,000 லிட்டர் வேணும். நொடிக்கு 2 லிட்டர் தரும் மோட்டார் இதை 1 மணி 40 நிமிடத்தில் இறைத்துவிடும். எல்லாம் சேர்த்து உயரம் 12 மீட்டர் என்று வைப்போம். 2-ஐ 12-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 0.32 எச்.பி. சின்ன மோட்டாரில் பாதி சக்திக்கு மேல் வீணாகும். மூன்று மடங்கு வைத்தாலும் 1 எச்.பி.யில் முடிந்துவிடும். அப்புறம் 3 எச்.பி. எதுக்கு? கூடுதல் பணம் குழுக்கடனில் ஏறும், மாதாமாதம் கட்டப்போவது நாம்தானே!

"ஹெட் அதிகமா இருந்தா நல்லதுதானே?" என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. மோட்டார் தகட்டில் ஹெட் இத்தனை மீட்டரிலிருந்து இத்தனை வரை என்று போட்டிருக்கும். நம் உயரம் அதன் நடுவில் வரணும். 30 மீட்டருக்குச் செய்த மோட்டாரை 8 மீட்டரில் ஓட்டினால் கரண்டை அதிகம் இழுத்துக் காயில் கருகிப் போகலாம். குறைந்த ஹெட் மோட்டாரை அதிக உயரத்துக்குப் போட்டாலோ சத்தம்தான் வரும்.

கரையில் வைக்கும் மோனோபிளாக் மோட்டார், தண்ணீர் மட்டத்துக்கு மேலே 6 மீட்டருக்குள் இருக்கணும். ஃபுட்வால்வு சேற்றில் படாமல் ஒரு அடி தூக்கி இருக்கட்டும். மலிவாக வருகிறதென்று போர்வெல் மோட்டாரைக் குட்டையில் போடாதீர்கள். குறுகலான போருக்குள் தண்ணீர் ஒட்டி ஓடினால்தான் அது சூடாகாமல் இருக்கும்.

குழாயிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். 2 அங்குலத்துக்குப் பதில் 1 அங்குலம் போட்டால், அதே தண்ணீரைத் தள்ள உரசல் சுமார் 30 மடங்கு ஆகும்.

எர்த் கட்டாயம். மெயினை அணைக்காமல் யாரும் குட்டையில் இறங்கக் கூடாது, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அளந்த உயரத்தையும் லிட்டர் கணக்கையும் தீர்மான நோட்டில் எழுதி, மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். ஹெட், லிட்டர், ஐ.எஸ்.ஐ. முத்திரை, கியாரண்டி நான்கும் அதில் எழுத்தில் இருக்கணும். கியாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்கி, பில்லோடு சேர்த்து ஊக்குநரிடம் கொடுங்கள்.