உப்பளத்தில் எதற்கு வயல்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் ‘உப்பு’ சிறுகதையைப் படித்தேன். மூன்றே பக்கம், அதில் 23 ‘போல’. எண்ணியது என் குற்றம்தான். எண்ண வைத்தவன் நீ. 22 கிடக்கட்டும். உப்பளத்தில் பாடுபடும் தாயின் பாதம் ‘வெடித்த வயல் போல’ இருந்தது என்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. கண்ணுக்குப் பொருத்தம் சரி, இரண்டிலும் வெடிப்பு உண்டு. ஆனால் வயல் வெடிப்பது நீரில்லாமல்; அவள் பாதம் வெடித்தது நாளெல்லாம் உப்புநீரில் நின்று. உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு அடிப்படை சொல்கிறார் தொல்காப்பியர். நீ மெய்யைப் பிடித்துக்கொண்டு வினையைக் கோட்டைவிட்டாய். நெய்தலில் நின்ற வாசகனை ஒரே சொல்லில் மருதத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வர வழியும் சொல்லவில்லை.

தொலைவில் கிடப்பதை இழுத்து வருவதுதானே உவமை என்பாய். குறுந்தொகை 40ஆம் பாட்டைப் பார். எழுதியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை; பாட்டில் வந்த உவமையே செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயராகிவிட்டது. ஐந்தடிப் பாட்டில் முதல் மூன்றடியும் தாய்வழி, தந்தைவழி, அறிமுகம் பற்றிய வெறும் கேள்விகள்தாம். ஓர் அலங்காரம் கிடையாது. அதற்குப் பிறகுதான் மழையும் செம்மண்ணும் வருகின்றன. நெஞ்சுக்கும் மண்ணுக்கும் தொலைவுதான், ஆனால் இரண்டும் செய்யும் வேலை ஒன்று: பிரிக்க முடியாமல் கலப்பது. அந்த மண்ணும் பாட்டின் குறிஞ்சித் திணைக்கு அயல் அல்ல. 41ஆம் பாட்டில் பிரிவின் வெறுமைக்குப் பாலைவழிச் சிற்றூர் ஒன்றில் ஆளில்லாத வீடும் அதன் முற்றத்தில் ஆடும் அணிலும் போதுமாயிருந்தன. அந்தப் புலவரும் அணிலாடுமுன்றிலார் ஆனார்.

கம்பன் உவமைகளை அடுக்கவில்லையா என்று அடுத்துக் கேட்பாய். அடுக்கினான், பல்லாயிரம் பாட்டுக் கொண்ட காப்பியம் தாங்கும், மூன்று பக்கச் சிறுகதை தாங்காது. அதோடு, ஆற்றுப்படலத்தில் சரயுவை வணிகருக்கு ஒப்பிடும்போது அவன் பார்ப்பது நிறத்தையோ வடிவத்தையோ அல்ல. மணியும் பொன்னும் மயிற்பீலியும் சந்தனமும் சுமந்து வருகிறது வெள்ளம். வணிகரும் அதைத்தானே செய்கிறார்கள்? அடுக்கினாலும் ஒவ்வொன்றையும் வேலை வாங்குகிறான். ‘போல’வை வெட்டிவிட்டால் தீருமா என்றால், அதுவும் இல்லை. மதி போன்ற முகம் மதிமுகம் என்றால் உவமைத்தொகை, முகமதி என்று திருப்பினால் உருவகம். பொருந்தாத ஒப்பு இரண்டிலும் பொருந்தாமலேதான் கிடக்கும்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பக்கத்தில் அந்தத் தாய் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து, வெடிப்புக்குள் விரல் விட்டு உப்பைத் தோண்டி எடுத்து, தேங்காயெண்ணெய் தடவுகிறாள். அங்கே ஒரு ‘போல’ இல்லை. அந்த வரியில் என்னால் ஓர் எழுத்தைத் தொட முடியவில்லை. தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளில் முதலாவது உவமை அல்ல, தன்மை: உள்ளதை உள்ளபடி சொல்வது. உவமைக்கு இரண்டாம் இடம்தான். வயலை எடுத்துவிட்டுக் கதையை மறுபடி அனுப்பு. மற்ற 22ஐயும் அப்போது பார்க்கிறேன்.