மகேந்திரகிரியில் ஒரு குளிர் இயந்திரம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் செல்வோர், பணகுடிப் பக்கம் வரும்போது மேற்கே ஓங்கி நிற்கும் மகேந்திரகிரி மலையைக் காணலாம். அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கின்றது. நம் நாட்டுப் பெரிய ராக்கெட்டுகளின் திரவ இயந்திரங்களை இங்கேதான் தரையில் பிணைத்து வைத்து, எரித்துச் சோதிக்கிறார்கள். அவற்றுள் மிகவும் பாடுபட்டுப் பெற்ற ஒன்றைப் பற்றிக் கூற விழைகின்றோம். அதுவே கிரையோஜெனிக் இயந்திரம். 'கிரையோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கடுங்குளிர் என்பது பொருள்.

நெருப்பைக் கக்கும் ராக்கெட்டுக்கும் குளிருக்கும் என்ன உறவு? நாங்களும் முதலில் இப்படித்தான் கேட்டோம்.

தீபாவளி ராக்கெட்டானாலும் ஸ்ரீஹரிக்கோட்டா ராக்கெட்டானாலும், வாயு கீழ்நோக்கிப் பாய்வதால்தான் மேலே எழும்புகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நாம் படித்திருக்கிறோம் அல்லவா? ஜெட் விமானமும் அதே விதிப்படிதான் பறக்கிறது. ஆனால் விமானம் எரிபொருளை மட்டும் சுமந்தால் போதும். எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். காற்றே இல்லாத விண்வெளியில் ராக்கெட்டுக்கு அந்த வசதி ஏது? ஆக்ஸிஜனையும் உடன் கொண்டுபோக வேண்டும். வாயுவாகக் கொண்டுபோனால் எந்தத் தொட்டியும் போதாது. ஆகவே அதை மைனஸ் 183 டிகிரி செல்ஸியஸுக்குக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். எரிபொருளான ஹைட்ரஜனோ மைனஸ் 253 டிகிரியில்தான் திரவமாகும்.

இத்தனை தொல்லை எதற்கு, மண்ணெண்ணெய் போதாதா எனலாம். ஹைட்ரஜன் எரிந்தால் உண்டாவது நீராவி. அதன் மூலக்கூறுகள் இலேசானவை. ஆதலால் மிக வேகமாக வெளியேறும். மண்ணெண்ணெய் இயந்திரத்திலிருந்து வாயு வினாடிக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில் வெளிவருகிறது என்றால், ஹைட்ரஜன் இயந்திரத்தில் அது ஏறத்தாழ நான்கரை கிலோமீட்டர். அதே எடையுள்ள எரிபொருளுக்கு அதிக உந்துவிசை கிடைக்கிறது. கனமான செயற்கைக் கோளை 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்ப இது பெரிதும் உதவுகிறது.

ஆனால் இந்தத் திரவத்தை அடக்கி ஆள்வது எளிதன்று. ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம் எடை உள்ளது. ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜன் 71 கிராம்தான்! ஆகையால் தொட்டி மிகப் பெரிதாக வேண்டும். சிறு இடுக்கு கிடைத்தாலும் கசிந்துவிடும். குளிரில் உலோகம் சுருங்கும். சுழலும் பம்புக்கு எண்ணெய் போடலாம் என்றால், எண்ணெயே கல்லாக உறைந்துவிடும். இக்கடுங்குளிருக்கு அருகிலேயே சுமார் 3,000 டிகிரி வெப்பத்தில் எரியும் அறை! அவ்வறையின் சுவருக்குள் முதலில் குளிர்ந்த ஹைட்ரஜனை ஓடவிட்டு, அது உருகாமல் காக்கிறார்கள். எரியப் போகும் பொருளே தீயிலிருந்து காப்பாற்றுவது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

1963 நவம்பர் 21 அன்று கேரளத்துத் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அது அமெரிக்காவில் செய்யப்பட்ட சிறு ராக்கெட். அங்கிருந்த புனித மரிய மதலேனாள் ஆலயத்தையும் தம் இல்லத்தையும் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா ஆண்டகை, டாக்டர் விக்ரம் சாராபாய் கேட்டதற்கு இணங்க விட்டுக்கொடுத்ததை நம் பெற்றோர் அறிந்திருப்பர். அதற்கு ஆறே நாட்கள் கழித்து, நவம்பர் 27 அன்று, அமெரிக்காவின் 'சென்டார்' என்னும் ஹைட்ரஜன் ராக்கெட் கட்டம் முதன்முதலாக வெற்றிகரமாகப் பறந்தது. நாம் ஆலய வளாகத்தில் அரிச்சுவடி தொடங்கிய வாரத்தில், அவர்கள் அங்கே இருந்தார்கள்.

1991-இல் இந்த இயந்திரத்தையும் அதைச் செய்யும் முறையையும் பெற நம் நாடு சோவியத் நாட்டுடன் ஒப்பந்தம் செய்தது. இதைக் கொண்டு ஏவுகணை செய்யலாம் என்று அமெரிக்கா எதிர்த்து, 1992-இல் தடை விதித்தது. எரிபொருள் நிரப்பவே பல மணி நேரம் பிடிக்கும், நிரப்பியபின் ஆவியாகிக்கொண்டே இருக்கும் ஒன்றை யார்தான் ஏவுகணைக்குத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது எங்கள் கேள்வி. 1993-இல் ரஷ்யா பின்வாங்கியது. செய்து முடித்த இயந்திரங்களை மட்டும் தந்தது, செய்முறையைத் தரவில்லை. 2001-இல் முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் அந்த ரஷ்ய இயந்திரத்துடன் பறந்தது. இதற்கிடையே நம் விஞ்ஞானிகள் தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கியிருந்தனர்.

2010 ஏப்ரல் 15. நம் சொந்த இயந்திரம் முதன்முறையாகப் பறந்த நாள். முதல் இரு கட்டங்களும் செவ்வனே எரிந்தன. கிரையோஜெனிக் இயந்திரமும் தீப்பற்றியது. ஆனால் ஹைட்ரஜனைத் தள்ளும் சிறு பம்பு, நிமிடத்துக்கு 34,000 சுற்றுகளுக்கு மேல் வேகம் எடுத்தபின் சில நொடிகளிலேயே நின்றுவிட்டது. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பதினாறு ஆண்டு உழைப்பு சில நொடிகளில் போயிற்று.

சுழலும் தண்டு ஓரிடத்தில் இறுகிப் பிடித்திருக்கலாம், அல்லது பம்பின் உறை வெடித்திருக்கலாம் என ஆய்வுக் குழு கூறியது. கடலில் மூழ்கியதை எடுத்துப் பார்க்க இயலுமா? எனவே இரண்டுக்குமே மாற்று வழி செய்தனர். மேலும், இந்த இயந்திரம் தீப்பற்றுவது காற்றில்லாத உயரத்தில். ஆகவே 2013-இல் மகேந்திரகிரியில் காற்றை வெளியேற்றிய கூடத்துக்குள் அதைத் தீப்பற்றச் செய்து பார்த்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் ராக்கெட் புறப்பட 74 நிமிடங்கள் இருக்கையில், வேறொரு கட்டத்தில் எரிபொருள் கசிந்ததால் பயணம் நிறுத்தப்பட்டது.

2014 ஜனவரி 5 அன்று மாலை அது பறந்தது. கிரையோஜெனிக் இயந்திரம் ஏறத்தாழ 12 நிமிடங்கள் எரிந்து, 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14 செயற்கைக் கோளைச் சேர்த்தது. தும்பாவுக்குப் பின் ஐம்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

பிறகு ஏறத்தாழ 20 டன் உந்துவிசை உள்ள பெரிய இயந்திரம் வந்தது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 ஏறிச் சென்ற ராக்கெட்டின் உச்சியில் எரிந்தது அதுவே. அந்தக் கட்டத்தை உருவாக்கிய திட்டத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் வி. நாராயணன் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளை என்னும் சிற்றூரில் பிறந்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார்.

அடுத்து வருவது திரவ ஆக்ஸிஜனுடன் மண்ணெண்ணெயை எரிக்கும், 200 டன் உந்துவிசை உள்ள இயந்திரம். அதன் ஒரு பகுதியை 2025 மார்ச் 28 அன்று மகேந்திரகிரியில் இரண்டரை வினாடி எரித்துப் பார்த்தார்கள், எரிந்தது.