குளத்தில் விடுமுன் மீன்குஞ்சை இனமறிதல்

விதை நெல்லிற் களை கலந்திருப்பதுபோல, விலைக்கு வாங்கும் கட்லா, ரோகு குஞ்சுகளுடன் வேறு குஞ்சுகளும் கலந்து வருவதுண்டு. ஆகையால், குளத்தில் விடுமுன் அவற்றின் இனத்தை நிச்சயித்துக்கொள்ளல் வேண்டும்.

இவற்றுள் முக்கியமாக விலக்கத்தக்கது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952-ம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெண்மீன் முட்டைகளை வாயிலேயே காப்பதால் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைக்கும். சில மாதங்களில் அவையும் முட்டையிடும். குளத்தில் சிறுமீன்களே மலிந்து, வளர்ப்பு மீன்களுக்கு இரை போதாமற் போகும்.

சோதிக்கும் முறை: வெண்ணிறப் பீங்கான் தட்டில் தெளிந்த நீர் ஊற்றி, சில குஞ்சுகளை விட்டுப் பார்க்கவும்.

1. கட்லா: தலை பெரிது, வாய் மேல்நோக்கியிருக்கும், மீசை இல்லை.

2. ஜிலேபி: முதுகுத் துடுப்பின் முன்பாகத்தில் கூரிய முட்களும், பின்பாகத்தில் ஒரு கரும்புள்ளியும் காணப்படும். கட்லா, ரோகுவுக்கு இவை இரா.

3. விரால்: உடல் நீண்டு, தலை பாம்பின் தலையை ஒத்திருக்கும்.

4. வாளை: வாய் அகன்று, மீசை நீண்டிருக்கும், உடலிற் செதில் இல்லை.

விராலும் வாளையும் பிற மீன்களைத் தின்பவை.

ஐயத்துக்குரிய குஞ்சை விடலாகாது. வற்றாத குளத்தில் ஒருமுறை பரவிய ஜிலேபியை வலையிட்டு முற்றும் அகற்றுதல் அரிது. பொதுக்குளங்களைக் குத்தகைக்கு எடுப்போர் இச்சோதனை செய்த பின்னரே குஞ்சு விடுமாறு கிராம அதிகாரிகள் கவனித்தல் நலம்.