சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

கேள்வி: பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். முதல் பைக்காக, மூன்று வருஷம் ஓடிய டிவிஎஸ் அபாச்சி ஆர்டிஆர் 160 வாங்கியிருக்கிறேன். வாரக்கடைசியில் ஊருக்கு, கிருஷ்ணகிரிக்கு, அதில்தான் போய்வருகிறேன். பிக்கப் போதவில்லை. சைலன்சர், ஏர் ஃபில்டர், இரிடியம் பிளக் மூன்றையும் 10,000 ரூபாய்க்குள் மாற்றினால் வண்டி பறக்கும் என்கிறார்கள் நண்பர்கள். மாற்றலாமா?
– வாசகர், பொம்மசந்திரா, பெங்களூரு

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய உண்மையைச் சொல்கிறார்கள். 1985 முதல் 1996 வரை இங்கே தயாரான யமஹா ஆர்எக்ஸ் 100-இல் சைலன்சரை மாற்றினால் வேகம் நிஜமாகவே கூடியது. அது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். புகை வெளியேறும் வழிக்கு அதில் வால்வு கிடையாது. சிலிண்டருக்குள் வந்த புதுக் கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு நழுவிவிடும். வயிறு பருத்து வால் சிறுத்த அந்தச் சைலன்சர், அழுத்த அலையைத் திருப்பியனுப்பி, நழுவியதை மறுபடி உள்ளே தள்ளும். அங்கே சைலன்சரும் இன்ஜினின் ஓர் உறுப்புதான். பெங்களூரில் ஆர்எக்ஸுக்கு இன்றும் பக்தர்கள் உண்டு. அந்த வண்டிக்கான வேதத்தைத்தான் உங்கள் வண்டிக்கும் ஓதுகிறார்கள்.

உங்களுடையது ஃபோர்-ஸ்ட்ரோக், 2020 ஏப்ரலில் கட்டாயமான பிஎஸ்-6 விதிப்படி செய்தது. கார்புரேட்டர் இல்லை, எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை இசியூ என்ற சிறு கணினி முடிவு செய்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் கலவையை ஓயாமல் மோப்பம் பிடித்து அதற்குத் தகவல் கொடுக்கிறது. நீங்கள் காற்றை அதிகம் விட்டால், சாதாரண ஓட்டத்தில் இசியூ அதைச் சரிக்கட்டிப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடும். முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் தன்னிடம் பதிவாகியிருக்கும் கணக்கையே நம்பி ஓடும். அப்போது காற்று மிஞ்சிப் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறத்தான் வாய்ப்பு. இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், அவ்வளவே. தப்பித்தவறி ஒரு பிஎஸ் சக்தி கூடியது என்றே வைத்துக்கொள்வோம். அது வண்டியின் உச்ச சக்தி பிறக்கும் 8,000 ஆர்பிஎம்முக்கு மேலேதான் தெரியும். காலை ஷிஃப்ட் நேரத்து ஓசூர் ரோட்டில் அந்த எண்ணை எங்கே தொடப்போகிறீர்கள்?

“இசியூவையே மாற்றினால்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக் போன்ற கருவிகள் அந்தக் கணக்கையே திருத்துகின்றன, பலனும் உண்டு. ஆனால் உங்கள் பட்ஜெட் அதற்குக் காணாது, வாரன்டியும் கேள்விக்குறியாகும். சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால், 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைலன்சர் சத்தத்துக்கான அபராதம் தனிக்கணக்கு.

உங்கள் பணம் போக வேண்டிய இடம் டயர். மூன்று வருஷ வண்டியில் ரப்பர் இறுகியிருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.7 மீட்டர். தேய்ந்த டயரோடு புவியீர்ப்பில் பாதி அளவுக்கே வேகத்தைக் குறைக்க முடிகிறது என்று வைத்தால், வண்டி நிற்க 28 மீட்டர் ஆகும். நல்ல டயரில் அது புவியீர்ப்பில் 0.7 மடங்கானால் 20 மீட்டர் போதும். மிச்சமாகும் எட்டு மீட்டர், முன்னால் போகும் டெம்போவின் முதுகில் மோதுவதற்கும் மோதாமல் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். ஏபிஎஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும், இல்லாத பிடிப்பை உண்டாக்காது. “நான் கேட்டது பிக்கப், நீங்கள் சொல்வது பிரேக்” என்பது உங்கள் அடுத்த ஆட்சேபமாக இருக்கும். 16 பிஎஸ் வண்டியில் ஒருவர் மெதுவாகப் போவது பெரும்பாலும் சக்தி போதாததால் அல்ல, நிறுத்த முடியுமா, வளைவில் வழுக்குமா என்ற பயத்தால் முன்கூட்டியே கையைத் தளர்த்துவதால். அந்தப் பயம் போனாலே சராசரி வேகம் ஏறும். டயர் வாங்கும்போது, அகலமானது அழகு என்று மயங்காமல் கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு.

இரண்டு டயருக்கும் ஏறக்குறைய 6,000 ரூபாய் போனால், மீதியில் பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் மாற்றுங்கள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் லீவர் பஞ்சுபோல் அமுங்கும். கம்பெனி ஏர் ஃபில்டரே புதிதாகப் போட்டு, செயினின் தொய்வையும் காற்றழுத்தத்தையும் சரிபார்த்தால், காணாமல் போன பிக்கப்பில் பாதி திரும்பிவிடும். அப்புறமும் இழுவை வேண்டுமென்றால், முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைப்பார்கள். 14 பல்லை 13 ஆக்கினால் இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும்; நான் கேள்விப்பட்ட மலிவு வித்தைகளில் கணக்கு உதைக்காதது இது ஒன்றுதான். ஆனால் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் இன்ஜின் அதே அளவு கூடுதலாகச் சுற்றி, மைலேஜும் குறையும். உங்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சாமான் வாங்க ஜே.சி. ரோடு போகலாம். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திராவிலிருந்தே கிளம்புகிறது, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் கே.ஆர். மார்க்கெட் வரை சௌகரியம். பில் இல்லாமல் பிரேக் பேடு மட்டும் வாங்காதீர்கள். புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் 100 கிலோமீட்டர் வளைவுகளில் வண்டியை அதிகம் சாய்க்காமல் ஓட்டுங்கள்.