வானொலி நிமிடமும் ஒரு சரக்குதான்

நம் கடைகளில் புளி, மிளகு, பருப்பு போல மாதக்கணக்கில் இருப்பில் கிடக்கும் சரக்கு உண்டு. வாழைக்குலை, தக்காளி போல இரண்டு மூன்று நாளில் தள்ளியாக வேண்டிய சரக்கும் உண்டு. இவ்விரண்டிலும் சேராத ஒரு சரக்கை நாம் கையாண்டதில்லை. அது வானொலியின் விளம்பர நேரம். மாலை 6 மணி 10 நிமிடத்துக்குரிய அரை நிமிடம் விற்காமல் போனால் அதை எடுத்து வைத்து மறுநாள் விற்க முடியாது. பாதி விலைக்கும் போகாது.

இந்தச் சரக்கை வைத்து அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரின் பந்தாட்ட அணி 1929 முதல் இன்று வரை எப்படிப் பிழைத்து வருகிறது என்பதை இந்த இதழில் பார்ப்போம். நம் உறுப்பினர்களில் பலர் ஆண்டுதோறும் பந்தாட்டக் கமிட்டிகளுக்கு நன்கொடை எழுதுகிறவர்கள் ஆகையால் விஷயம் நமக்குத் தூரமானதல்ல.

ஊரின் பெயர் கிரீன் பே. விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ளது. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர். நம் நாகர்கோவிலில் 2011-லேயே 2 லட்சத்து 24 ஆயிரம் பேர் இருந்தார்கள். நாகர்கோவிலில் பாதிகூட இல்லாத அந்த ஊர், நியூயார்க், சிகாகோ போன்ற மாநகர அணிகளோடு சமமாக ஆடுகிறது. அவர்கள் ஆடும் ஆட்டம் நம் கடற்கரையில் ஆடும் கால்பந்து அல்ல. பந்து சக்கைப் பிஞ்சு போல இரு முனையும் கூம்பியிருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். ஆட்ட விதிகள் நமக்கு இங்கே தேவையில்லை.

அணியின் பெயர் கிரீன் பே பேக்கர்ஸ். ரொட்டி சுடும் பேக்கரி என்று யாரும் நினைக்க வேண்டாம். டப்பாவில் இறைச்சி அடைக்கிறவர்கள் என்று பொருள். 1919-ல் இந்தியன் பேக்கிங் கம்பெனி என்ற டப்பா இறைச்சிக் கம்பெனியில் வேலை பார்த்த கர்லி லாம்போ என்ற இளைஞர், உள்ளூர்ப் பத்திரிகையில் இருந்த ஜார்ஜ் கால்ஹவுனுடன் சேர்ந்து அணியைத் தொடங்கினார். சட்டை முதலான சாமான்களுக்குக் கம்பெனி 500 டாலர் கொடுத்தது. ஓரிரு ஆண்டில் அந்தக் கம்பெனி கைமாறிப் போயிற்று. பெயர் மட்டும் அணியோடு ஒட்டிக்கொண்டது. விளம்பரத்துக்காகக் கொடுத்த 500 டாலர் நூறாண்டு தாண்டியும் பேசுகிறது. பாவம், கேட்டு மகிழக் கம்பெனிதான் இல்லை!

1922-ல் மழையாலும் வசூல் குறைவாலும் அணி கடனில் விழுந்தது. அப்போது கை கொடுத்தவர்கள் உள்ளூர் வியாபாரிகள். 1923-ல் பங்கு ஒன்று 5 டாலர் வீதம் 1000 பங்குகள் போட்டார்கள். பங்கு வாங்குகிறவர் ஆறு இருக்கைக்குச் சீசன் சீட்டும் வாங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பங்குக்கு லாபம் கிடையாது என்பதை ஆரம்பத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இன்றும் அப்படியே. 2021-22-ல் நடந்த ஆறாவது பங்கு விற்பனைக்குப் பிறகு பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் மேல். ஒருவருக்கும் ஒரு காசு லாபப்பங்கு இல்லை.

அணிக்காக ஓயாமல் பணம் திரட்டிய ஐந்து பேரை ஊரார் 'ஐந்து பசிக்காரர்கள்' என்று கேலியாக அழைத்தார்கள். ஒருவர் பத்திரிகை நிர்வாகி ஆண்ட்ரூ டர்ன்புல். ஒருவர் மருத்துவர், ஒருவர் வக்கீல், ஒருவர் லாம்போ. ஐந்தாமவர் லீ ஜோவான்னஸ், மளிகை மொத்த வியாபாரி. நம் ஆள்! 1930 முதல் 1947 வரை அணியின் தலைவராக இருந்தவர் அவர்தான். பார்வையாளர் ஒருவர் மேடையிலிருந்து விழுந்து வழக்குப் போட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியும் நொடித்துப் போய், 1933-ல் அணி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனபோது தன் கைப்பணத்தைக் கடனாகக் கொடுத்துக் காப்பாற்றியவரும் அவரே. அந்தக் காலத்தில் இருந்த மற்றச் சிற்றூர் அணிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இது ஒன்றுதான் மிச்சம்.

இனி வானொலிக்கு வருவோம். கிரீன் பேயிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தெற்கே மில்வாக்கி என்ற பெரிய நகரம். அங்கே ஒரு நாளிதழ் நடத்திய டபிள்யூ.டி.எம்.ஜே. என்ற நிலையம் 1929-ல் பேக்கர்ஸ் ஆட்டங்களை ஒலிபரப்பத் தொடங்கியது. வர்ணனையாளர் ரஸ் வின்னி. அக்காலத்து அமெரிக்க நிலையங்களில் வெளியூர் ஆட்டம் என்றால் தந்தியில் வரும் துண்டுச் செய்தியை வைத்துக்கொண்டு, நிலையத்தில் உட்கார்ந்தபடியே நேரில் பார்ப்பது போலச் சொல்வதும் உண்டு. கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது.

ஊர் அணியை மாநில அணியாக ஆக்கியது இந்த ஒலிபரப்புத்தான் என்பது நம் அபிப்பிராயம். இன்று அவர்கள் மைதானத்தில் சுமார் 81 ஆயிரம் பேர் உட்காரலாம். 1960 முதல் சீசன் சீட்டு முழுவதும் விற்றுப்போகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஜனத்தொகையோ 58 லட்சத்துக்கு மேல். மீதிப்பேர் எங்கே போவார்கள்? 1973 வரை உள்ளூரில் நடக்கும் ஆட்டத்தை அந்தச் சுற்றுவட்டாரத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்று லீக் தடை வைத்திருந்தது. மாடு கறக்கிற பண்ணைக்காரனுக்கும், ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்கிறவனுக்கும், லாரி ஓட்டுகிறவனுக்கும் வானொலிதான் கதி. தடை நீங்கிய பிறகும் தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்துவிட்டு வானொலி வர்ணனையைக் கேட்கிறவர்கள் அங்கே உண்டு. வர்ணனையாளர் ஜிம் இர்வின் 1998 சீசன் வரை சுமார் முப்பது ஆண்டு அணிக்காகப் பேசினார். 1999 முதல் வெய்ன் லாரிவீ. குரல் அடிக்கடி மாறுவதில்லை. வாடிக்கைக்காரனுக்குக் கல்லாவில் பழகிய முகம் வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா?

வலைப்பின்னல் என்பது நம் விநியோக முறையேதான். அணியிடம் உரிமை. தலைமை நிலையம் மொத்த ஏஜெண்டு. சிறு ஊர்களில் உள்ள நிலையங்கள் சப்-ஏஜெண்டுகள். வர்ணனை ஓரிடத்தில் தயாராகி, முன்பு டெலிபோன் கம்பியிலும் பிறகு செயற்கைக்கோள் வழியாகவும் எல்லா நிலையங்களுக்கும் போகும்.

உரிமையைக் கைமாற்றுவதில் மூன்று வழி உண்டு. தென்னந்தோப்புக் கணக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும். தோப்பைப் பாட்டத்துக்கு விடுவது போல, ஆண்டுக்கு இவ்வளவு என்று நிலையத்திடம் வாங்கிக்கொண்டு அணி ஒதுங்கிவிடலாம். விளைந்தாலும் காய்ந்தாலும் பாட்டக்காரன் பாடு. இரண்டாவது, வாரம் போல வருமானத்தைப் பங்கு பிரிப்பது. மூன்றாவது, நிலையத்தின் நேரத்தை அணியே விலைக்கு வாங்கி, வர்ணனையாளருக்குத் தானே சம்பளம் கொடுத்து, விளம்பரத்தையும் தானே விற்பது. இதில் லாபமும் அதிகம், தலைவலியும் அதிகம்.

சிறு ஊர் நிலையத்துக்குப் பெரும்பாலும் பணத்தைவிட நிமிடமே கூலி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். மூன்று மணி நேர ஒலிபரப்பில் விளம்பரத்துக்கு 40 நிமிடம் என்று வைப்போம். 25 நிமிடத்தைத் தலைமை வைத்துக்கொண்டு கார் கம்பெனி, வங்கி போன்ற மாநிலம் தழுவிய விளம்பரதாரர்களுக்கு விற்கிறது. மீதி 15 நிமிடம் உள்ளூர் நிலையத்துக்கு. அரை நிமிடம் வீதம் 30 துண்டு. வர்ணனையாளர் ஒரு குறிப்பிட்ட வாசகம் சொன்னதும் தலைமை நிறுத்தும். அந்த இடைவெளியில் ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்க் கடையின் பெயர் ஒலிக்கும். ஒரே ஆட்டம், ஒரே குரல், ஆனால் இந்த ஊரில் இந்த மளிகைக்கடை, அடுத்த ஊரில் அந்த இரும்புக்கடை. ஒரு சீசனுக்கு இப்போது 17 லீக் ஆட்டம். முப்பது கடைக்காரர் ஆளுக்கு ஒரு துண்டைச் சீசன் முழுவதற்கும் முன்கூட்டியே எடுத்துவிட்டால், அந்த நிலையத்தில் அழியும் சரக்கு ஒரு துளி அழியாது. கடைக்காரனுக்கும் 17 வாரம் தொடர்ந்து பெயர் காதில் விழும். ஒரு நாள் மட்டும் கொட்டும் விளம்பரத்தைவிட இது மேல்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வானொலியால் பெரும் பணம் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொலைக்காட்சி உரிமைப் பணமே பெரும்பங்காக உள்ள லீக் வருமானத்தை 32 அணிகளும் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் பேக்கர்ஸுக்கு அந்த வகையில் கிடைத்தது 40 கோடி டாலருக்கும் மேல். வானொலி வரவு அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் அது பொதுப் பங்கில் சேராமல் ஊரோடு நிற்கும் வரவு. பழைய உறவும் நிரந்தரமல்ல. 1929-ல் தொடங்கிய டபிள்யூ.டி.எம்.ஜே. நிலையத்தோடு 2021 சீசன் முடிந்ததும் கணக்கு முடிந்தது. 2022-ல் மில்வாக்கி உரிமை வேறு நிலையத்துக்குப் போயிற்று.

நம் பக்கம் திரும்புவோம். பத்மநாபபுரம், தக்கலைப் பகுதியில் நமக்கு முதலில் கேட்ட குரல் 1943-ல் தொடங்கிய திருவனந்தபுரம் வானொலி. 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணைந்த பிறகும் சில ஆண்டு அதுவே கிட்டத்து நிலையம். திருநெல்வேலி நிலையம் 1963-ல் வந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டுத்தான் விளம்பரம் என்பதையே நாம் கற்றோம் எனலாம். விவித் பாரதியில் விளம்பரம் வந்தது 1967-ல்தான். 1984-ல் நாகர்கோவிலில் பண்பலை உள்ளூர் வானொலி வந்தது. வசதி ஒவ்வொன்றாக வந்தது. ஆனால் குரல் சர்க்காருடையது. கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடும்போது வங்காளி வர்ணனையை ஊரே நின்று கேட்ட காலம் இருந்தது. அஜய் பாசு, புஷ்பென் சர்க்கார் குரல்கள் வீட்டுக்கு வீடு தெரியும். அந்த அணிகளிடம் விற்க நிமிடம் ஒன்றும் இல்லை.

தூத்தூர், சின்னத்துறை கடற்கரையில் கால்பந்து எப்படி ஆடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். போட்டி நடத்தக் கமிட்டி வந்தால் நாம் ரசீது எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். பதிலுக்கு பிளக்ஸ் பலகையில் நாற்பது பெயரில் ஒன்றாக நம் பெயர். படிக்க ஆளில்லை. கைப்பேசியில் ஆர்டர் எடுக்கும் கம்பெனிகளோ வாடிக்கைக்காரன் கையில் எந்நேரமும் இருக்கின்றன. அதே நன்கொடையை நிமிடமாகக் கேட்க முடியுமா என்பதே நம் கேள்வி.

முடியாது என்று சட்டம் சொல்லவில்லை. தனியார் பண்பலை நிலையங்கள் செய்தி ஒலிபரப்புவதில் கட்டுப்பாடு உண்டு. ஆனால் 2011-ல் மத்திய அரசு வெளியிட்ட மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை, உள்ளூர்த் தன்மையுள்ள விளையாட்டுப் போட்டிகளின் நேர்முக வர்ணனையை அனுமதிக்கிறது. கமிட்டிக்காரர்கள் அடுத்த முறை வரும்போது சில விவரம் கேட்கலாம். எந்த நிலையம், எத்தனை ஆட்டம், ஆட்டத்துக்கு எத்தனை துண்டு, ஒரே சரக்கு விற்கும் இரு கடைக்கு அடுத்தடுத்து துண்டு கொடுப்பார்களா, மழையில் ஆட்டம் நின்றால் அந்த நிமிடம் மறு ஆட்டத்தில் சேருமா, வர்ணனை சொல்பவர் நம் ஊர்ப் பேச்சில் சொல்வாரா. இவற்றுக்கு எழுத்தில் பதில் தந்தால் ரசீதை நன்கொடைக் கணக்கில் எழுதாமல் விளம்பரச் செலவில் எழுதிக்கொள்ளலாமா என்று அவரவர் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.